கடவுச்சொல்லைச் சொன்னவள்

பலகையில் எழுதியிருப்பதை மறுபடியும் படிக்கிறேன். கணினி மையத்தின் இந்த நடைவழியில், இயக்குநர் அறைக் கதவுக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. மேலே தமிழ், கீழே ஆங்கிலம், இரண்டுக்கும் நடுவே ஒரு பல்லி. மாணவர்கள் பல்கலைக்கழகக் கணினிகளையும் வலைப்பின்னலையும் கல்விப் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கணக்கின் வழியாக நடப்பவை அனைத்துக்கும் கணக்குக்கு உரியவரே பொறுப்பு. கடவுச்சொல்லைப் பிறருக்குத் தெரிவித்தல் கூடாது. இரண்டு மொழியில் எழுதிய எதையும் இரண்டு மொழியிலும் படித்துப் பார்க்காமல் விடமுடியாத வியாதி எனக்கு. எட்டாம் வகுப்புவரை காரைக்காலில் தமிழில் படித்துவிட்டு, ஒன்பதாவதுக்கு பாரிஸ் புறநகரில் ஒரு பள்ளியில் போய் உட்கார்ந்தவளுக்கு வேறென்ன வியாதி வரும். எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் அதன் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்த விதி கடுகடுவென்று இருக்கிறது, தமிழில் கொஞ்சம் வருத்தமாக. பிறர் என்ற சொல்லில் போய் நிற்கிறேன். பிறருக்குத் தெரிவித்தல் கூடாது. யார் பிறர்? பேருந்தில் பக்கத்தில் நின்று வருகிறவர் பிறர். கீழ்வீட்டில் குடியிருக்கும், நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டவுடன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு நான் போனதும் கூட்டிக்கொள்ளும் அந்தக் குடும்பம் பிறர். குமுதவல்லி? தினமும் காலையில் என் தோளுக்கு மேலே குனிந்து, தேங்காய் எண்ணெய் வாசனையோடு, என் அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொடுத்தவள், அவள் யார் என்று பலகையில் போடவில்லை.

"சார் போன்ல இருக்காரு மேடம், கூப்பிடுவாரு, உக்காருங்க" என்று உதவியாளர் சொல்லிவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறார்கள். மேடம் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் என்னைப் பேராசிரியை என்று நினைக்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் வரலாற்றுத் துறையில் ஆய்வு மாணவி என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு மரியாதையாகிவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சே நின்றுவிடும். குமுதா மட்டும்தான் முதல் நாளே அக்கா என்றாள். நூலகத்தின் மேல்தளத்தில் இருக்கிற கணினி லேபில், ஜூலை மாதம், நான் என் இடத்தில் உட்கார்ந்து உள்ளே நுழைய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இங்கே இருக்கிற விசைப்பலகை வேறு, அங்கே இருக்கிற விசைப்பலகை வேறு. முப்பது வருஷமாக பிரெஞ்சுப் பலகையில் ஓடிய விரல்களுக்கு ஏ எழுத்து ஓரிடத்தில் இருக்கும், எம் எழுத்து ஓரிடத்தில் இருக்கும். இங்கே அந்த இடங்களில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கடவுச்சொல் திரையில் கரும்புள்ளிகளாகத்தான் விழும், தப்பாக அடித்தாலும் சரியாக அடித்தாலும் ஒரே கரும்புள்ளி. அம்மாவின் பெயர் சவரியம்மாள், அதில் எத்தனை ஏ, எத்தனை எம். அடித்தேன், திறக்கவில்லை. அடித்தேன், திறக்கவில்லை. இன்னொரு முறை தப்பினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று திரை எச்சரித்தது. பக்கத்து இயந்திரத்திலிருந்து ஒரு குரல், "என்னக்கா, கீபோர்டு கடிக்குதா?" திரும்பிப் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடிச் சட்டத்தில் பசைநாடா ஒட்டிய ஒரு பெண். "தள்ளுங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்." சொல்லலாமா என்றேன். "என்கிட்டதானே. நான் என்ன உங்க பேர்ல பொண்ணு பார்க்கவா போறேன்?" சொன்னேன். எஸ், ஏ, வி என்று ஒவ்வொரு எழுத்தாக, பிறகு அம்மா பிறந்த வருஷம். திறந்துகொண்டது. "யாருக்கா இந்த சவரியம்மாள்?" என்று கேட்டாள். அம்மா என்றேன். "இருக்காங்களா?" இல்லை என்றேன். "பேரு நல்லா கனமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று துலூஸிலிருந்து வந்த தம்பிகூட அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கல்லறைக் கல்லில் பெயரைச் சுருக்கி வெட்டச் சொன்னான், நீளமான பெயர்களுக்கு இடம் போதாது என்று.

மூன்றாவது வாரத்தில் என் விரல்கள் பழகிவிட்டன. இதை யாரிடமும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, இந்த வாளியிடம்கூட. கட்டுரை அடிக்கும்போது பழகிவிட்டது, மின்னஞ்சல் எழுதும்போது பழகிவிட்டது, இந்த ஒன்றுக்கு மட்டும் பழகாததுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் குமுதா வர நேரமாயிற்று, நானே அடித்தேன், முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. என்னவோ திருட்டு வேலை செய்தவள் மாதிரி பதறிப்போய்க் கணக்கிலிருந்து வெளியே வந்து, திரையை மறுபடி அந்த வெறும் பெட்டிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வந்தாள். "இன்னும் உள்ளே போகலையா? ஐயோ அமலா அக்கா, பிரான்ஸ்லேர்ந்து ஏரோப்ளேன்ல வந்தவங்களுக்கு லாகின் பண்ண ஒரு ஆள் வேணும்." அமலோற்பவம் என்ற என் பெயரை அங்கே அமால் ஆக்கினார்கள், இவள் அமலா ஆக்கினாள். இரண்டும் வெட்டியவைதான், ஆனால் இவள் வெட்டியதில் ஏனோ வலி இல்லை. குனிந்து அடித்தாள். நிமிஷம்கூட ஆகாது. அந்த நிமிஷத்தில் ஒரு ஆள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவளுடைய மூச்சு என் காதில் படும், சாப்பிட்டீங்களா என்று ஒரு கேள்வி, சில நாள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு திட்டு. பிறகு சாயங்காலம்வரை நான் யாரோடும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. போதும். மாடியறைக்குப் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போடும்வரைக்கும் அது போதும். லேபில் எல்லோரும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. எம்.ஏ., எம்.எஸ்ஸி. பிள்ளைகளின் கணக்கில் பெரிய ஆய்விதழ்கள் திறக்காது, என்போன்ற ஆய்வு மாணவர்களின் ஸ்காலர் கணக்கில்தான் திறக்கும். அதனால் ஸ்காலர்கள் எழுந்து போகும்போது லாக்அவுட் பண்ணமாட்டார்கள், அடுத்து உட்காரும் பிள்ளைக்குக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பேருந்தில் இறங்கப்போகிறவர் நிற்கிறவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்து இடம் விடுவதுபோல. யாரும் யாரிடமும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. இந்த ஊரில் எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் புரிந்த ஒரே வழக்கம் அது. நானும் விட்டேன். அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வேறு. எழுந்து போகும்போது "இருக்கு குமுதா" என்பேன். "சரிக்கா" என்பாள்.

போன வாரம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேஜையில் ஒரே கூச்சல். வளாகம் முழுக்க யாருக்கும் எந்தக் கட்டுரையும் திறக்கவில்லை. வெளிநாட்டுப் பதிப்பகம் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவைச் சாத்திவிட்டது. ஒரே கணக்கிலிருந்து ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை யாரோ இறக்கியிருக்கிறார்கள், எல்லாம் நண்டைப் பற்றி. "எவனோ உலகத்து நண்டை எல்லாம் அள்ளிட்டான்யா, குழம்பு வெக்கப்போறான் போல" என்றான் ஒருவன். "எனக்கு ஆப்ஸ்ட்ராக்ட்கூட தெறக்கல, இவனுக்கு நண்டு கேக்குது" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டு நன்றாகவே சிரித்தேன். என்னைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள், இங்கே வந்ததிலிருந்து ஒரு மேஜையோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் என் கணக்கு திறக்கவில்லை. குமுதா அடித்தும் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கடல் உயிரியல், எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, நண்டு ஓடு கழற்றுவதைப் பற்றித்தான் அவளுடைய ப்ராஜெக்ட். ஓடு கழற்றிய நண்டு கொஞ்ச காலம் மெத்தென்று இருக்குமாம், அப்போது எது வேண்டுமானாலும் அதைத் தின்றுவிடலாமாம், அதனால் கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளுமாம். எனக்கு அவள்தான் சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

படியில் செருப்புச் சத்தம். திரும்பாமலே தெரிகிறது. அவள் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்காருகிறாள். பிறகு கொஞ்சம் நகர்கிறாள். பிறகு இன்னும் கொஞ்சம். "அக்கா." ம் என்கிறேன். "உள்ளே கூப்பிட்டாங்களா?" இன்னும் இல்லை. "எம்மேல கோவமா?" கோபமா என்று தேடிப்பார்க்கிறேன். அலமாரியில் வைத்த பொருளைத் தேடுவதுபோல. இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. "கொஞ்சமாத்தான்க்கா எடுக்கணும்னு நெனைச்சேன். எங்க க்ளாஸ் பையன் ஒருத்தன் ஒரு ப்ரோகிராம் எழுதிக் குடுத்தான், அது தானா எறக்கிக்கும்னான். ஓடவிட்டுட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தா அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டே கெடக்கு, நிறுத்தத் தெரியல." எதுக்கு அவ்வளவு என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிட மெதுவாக வருகிறது. "ஜூன் வந்தா படிப்பு முடிஞ்சுடும், இந்த லேபுக்கே வர முடியாதுக்கா. அதுக்கப்புறம் ஊருக்குப் போய்த் தரங்கம்பாடில உக்காந்துக்கிட்டு நான் எங்க போய்ப் படிக்கிறது? ஒவ்வொண்ணுக்கும் கார்டு நம்பர் கேப்பான். போறதுக்குள்ள அள்ளிக்கலாம்னு." அள்ளிக்கலாம் என்று சொல்லும்போது கைகள் இரண்டும் தானாகக் குவிகின்றன. நான் அந்தக் கைகளைப் பார்க்கிறேன். அங்கே வீட்டைக் காலி செய்தபோது நான் எதையும் அள்ளவில்லை. அம்மாவின் புடவைகளைக்கூட ஒரு தொண்டுச் சங்கத்துக்காரர்கள் வந்து பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். "கோவாவில ஒரு இடத்துல ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறோம்னு நேத்துதான் சொல்லியிருக்காங்க அக்கா, ஜூலைல சேரணும். நன்னடத்தைச் சான்றிதழ் கேப்பாங்க. அதுல ஏதாவது எழுதிட்டாங்கன்னா அவ்ளோதான். அப்பா அப்பவே சொன்னாரு, படிச்சது போதும்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். துடைத்துவிட்டு, அழப்போகிறாள் என்று நினைக்கிறேன், ஆனால் சட்டென்று என் பக்கம் திரும்பி, ஏதோ சுலபமான கணக்கைக் கண்டுபிடித்தவள்போல் சொல்கிறாள், "நீங்கதான்னு சொல்லிடுங்கக்கா." வரலாற்றுக்காரிக்கு நண்டு எதற்கு என்று கேட்பாரே என்கிறேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறாள். "தெரியாம எறங்கிடுச்சுன்னு சொல்லுங்க. உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. மிஞ்சிப்போனா என்ன, நீங்க அங்க திரும்பிப் போயிடுவீங்க. எங்களுக்குத்தான் இதைவிட்டா ஒண்ணும் இல்ல."

அங்க. அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், பக்கத்து அறையைக் காட்டுவதுபோல. அங்கே என்றால் எது. சாவியை ஒப்படைத்தாயிற்று. சுவரில் ஆணி அடித்த துளைகளைக்கூட ஒரு களிம்பு வாங்கி நானே அடைத்துக்கொடுத்தேன், இல்லையென்றால் வாடகை முன்பணத்தில் பிடிப்பார்கள். மின்தூக்கியில் பார்க்கும்போது வணக்கம் சொல்லும் ஒரு கிழவர் இருந்தார், பத்துப் பதினைந்து வருஷம் வணக்கம் சொன்னார், எனக்கு அவர் பெயர் தெரியாது. இத்தனை மாதமும் நான் அவளுக்கு விருந்தாளியாக இருந்திருக்கிறேன். விருந்தாளி பொருளைத் தொலைத்தால் பரவாயில்லை, விருந்தாளி ஊருக்குப் போய்விடுவாள். அவள் கெட்ட பெண் இல்லை. இதைச் சொல்லும்போது என் கையைக்கூடப் பிடித்திருக்கிறாள். அதுதான் இன்னும் மோசம். உள்ளே போய் அவள் பெயரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம், தண்ணீர்ச் சொட்டு வாளியில் விழுவதுபோல், டொக் என்று விழுகிறது. குமுதவல்லி, கடல் உயிரியல், இரண்டாம் ஆண்டு. அவ்வளவுதான், ஐந்து சொல். சொல்லாமல் இருந்தால் அவள் என்னை மறக்கமாட்டாள் என்றும் ஒரு எண்ணம் விழுகிறது. கோவாவில் போய் உட்கார்ந்து ஒரு நாள் யாரிடமாவது சொல்வாள், எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க என்று. இதில் எது என்னுடைய நல்ல எண்ணம், எது கெட்ட எண்ணம். இரண்டும் கரும்புள்ளியாகத்தான் விழுகின்றன. கதவு திறக்கிறது. "மேடம், வாங்க."

இயக்குநர் வைத்தீஸ்வரன் எழுந்து நிற்கிறார். எனக்கு நாற்காலியைக் காட்டுகிறார், காபி வரவழைக்கிறார், லியோனுக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனபோது குளிரில் உதடு வெடித்ததைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் என் தமிழைக் கேட்டதும் தமிழுக்கு வருகிறார். "உங்களை இங்கே உட்காரவெச்சு விசாரிக்கறதே எனக்குக் கஷ்டமா இருக்கு. நண்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாதா. இந்தப் பசங்களுக்கு வெளியிலேர்ந்து வந்தவங்கன்னா ரொம்ப சுலபம், நைஸா பேசி வாங்கிடுவாங்க. அந்த லேப்ல கேமரா ஓடல, இல்லேன்னா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். பேரை மட்டும் சொல்லுங்க மேடம். இன்னிக்கே உங்க கணக்கைத் திறந்துவிட்டுடறேன்." காபியில் ஆடை படிகிறது. இந்த அறையில் இரண்டு நாற்காலிகள்தான் இருக்கின்றன. மாணவர்கள் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று யோசிக்கிறேன். உட்காரமாட்டார்கள். தரையில், மேஜைக்கு முன்னால், மொசைக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அங்கேதான் நிற்பார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள். வெளியில் ஒருத்தி, உள்ளே ஒருவர், இரண்டு பேரும் என்னிடம் அன்பாக ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். நான் எழுந்திருக்கிறேன். "யாரும் நைஸா பேசி வாங்கல சார். நானாத்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்." யாரிடம் என்கிறார். "அதைச் சொல்லப்போறதில்லை." அவர் பேனாவை மூடுகிறார். "விதி என்னன்னு தெரியுமில்ல?" தெரியும், ரெண்டு மொழியிலேயும் படிச்சேன் என்கிறேன். அவர் சிரிக்கவில்லை. கிண்டல் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, நான் அப்படிச் சொல்லவில்லை. "கணக்கு உங்களுது, அப்ப நீங்கதான். ஒரு பருவம் முழுக்க லாகின் கிடையாது, லேபுக்குள்ளேயும் வரக்கூடாது. உங்க கைடுக்கும் தெரிவிப்போம். வயசு, எங்கேர்ந்து வந்தீங்க, அதெல்லாம் நான் பார்க்கமாட்டேன். மாணவர்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்." எனக்குள் என்னவோ ஒன்று, அசட்டுத்தனமாக, நிமிர்ந்து உட்காருகிறது. மாணவர்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்த ஊரில் என்னைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அப்புறம்தான் லேபுக்குள் வரக்கூடாது என்பது காதில் விழுகிறது. முதலிலேயே கேட்டதுதான், இப்போதுதான் விழுகிறது. ஒரு பருவம் முடிந்தால் ஜூன், அதற்குப் பிறகு குமுதா இங்கே இருக்கமாட்டாள். காபியைக் குடியுங்கள் என்று அவர் இப்போது சொல்லவில்லை.

குமுதா பெஞ்சில் இல்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். "என்னக்கா?" உன் பேர் வரலை என்கிறேன். அவள் மூச்சு விடுகிறாள், உடம்பு முழுக்க ஒரு அங்குலம் கீழே இறங்குவது தெரிகிறது, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள், ஜில்லென்று இருக்கிறது. "திட்டினாரா?" கொஞ்சம். "அவரு எல்லாரையும்தான் திட்டுவாரு, விடுங்க. நான்தான் சொன்னேன்ல, உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு." ஆமாம் என்கிறேன். அவளுடைய போன் அடிக்கிறது, எடுத்து, "வரேன்டி, படிகிட்ட நில்லு, பஸ்ஸை விட்டுடாத" என்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று படி இறங்கியவள் நின்று திரும்புகிறாள். முகம் பழையபடி ஆகிவிட்டது, பசைநாடா ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிரிக்கின்றன. "நாளைக்கு லேபுக்கு வருவீங்கல்ல அக்கா? சீக்கிரம் வந்தீங்கன்னா ஃபேனுக்குக் கீழே ஒரு எடம் பிடிச்சு வைங்க." ம் என்கிறேன். செருப்புச் சத்தம் கீழே போகிறது, கீழே யாரோ ஏதோ கேட்கிறார்கள், அவள் சிரிப்பது கேட்கிறது, வெளிக்கதவு மூடிக்கொள்கிறது. நாளைக் காலை அந்த நேரத்துக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்குகிறேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்காரலாம், ஆனால் அவள் படியேறும்போது அந்த வழியாகத்தான் போவாள். மாடியறையிலேயே இருக்கலாம். கடற்கரைப் பக்கம் போகலாம், காலையிலேயே வெயில் ஏறிவிடும். ஒரு பையன் கையில் ஏதோ விண்ணப்பத்தோடு வந்து தயங்கி நிற்கிறான். "மேடம், உள்ளே போலாமா?" போகலாம் என்கிறேன், நான் மாணவிதான், சாரைக் கேளுங்கள் என்கிறேன். அவன் சிரிக்கிறான், பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறான்.